ஒரு டாலர் ஒரு சென்டுக்கு நல்ல நேரம்

என் மருமகள் சண்முகப்ரியா ராகுகாலம் விற்கிறாள். நல்ல நேரமும் கூடவே வரும். ஆனால் அதற்காக யாரும் வாங்குவதில்லை. நல்ல நேரம் ஐந்து நிமிடம் முன்னே பின்னே இருந்தால் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். கெட்ட நேரம் மட்டும் நிமிடம் பிசகாமல் வேண்டும்.

கடை என்று தனியாக எதுவும் இல்லை. நியூஜெர்சி பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் அப்பார்ட்மெண்ட் சமையலறை மேஜைமேல் ஒரு லேப்டாப். கடை, கிடங்கு, கல்லாப்பெட்டி எல்லாம் அதுதான். வாங்குகிறவர் தன் ஜிப் கோடை அடித்துப் பணம் கட்டினால், அந்த ஊருக்கு அந்த மாதத்து நேரங்கள் ஒரு பிடிஎஃப் கோப்பாகப் போய்ச் சேரும். சூரியன் உதிப்பதிலிருந்து மறைவது வரை உள்ள பொழுதை எட்டுப் பங்காக்கி, அதில் ஒரு பங்கு ராகுவுக்கு. ஊரில் அது ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அமெரிக்காவில் எல்லாமே பெரிய சைஸ் என்பதால் ஜூன் மாதத்தில் ராகுகாலமும் இரண்டு மணி நேரத்தை எட்டிப் பிடிக்கும். டிசம்பரில் குளிர் தாங்காமல் ராகு சீக்கிரமே வேலையை முடித்துக்கொண்டு ஓடிவிடுவார். இதை நான் சொல்லவில்லை, கணக்கு சொல்கிறது. ஆகவே எடிசன்காரரின் ராகுகாலம் டாலஸ்காரருக்கு உதவாது. டாலஸ்காரருடையது குபெர்டினோவில் செல்லாது.

ப்ரியாவுக்கு இதில் துளிகூட நம்பிக்கை கிடையாது. மருந்துக் கம்பெனி ஒன்றில் புள்ளிவிவரம் பார்த்துக்கொண்டிருந்தவள். கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது இவளும் குறைந்தாள். அப்புறம் ஒருநாள் ஓக் ட்ரீ ரோடு மளிகைக் கடையில் ஒரு அம்மாள் சென்னைக் காலண்டரைப் பார்த்துப் புதுக் கார் எடுக்க நேரம் குறித்துக்கொண்டிருந்தார். இவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், “ஆன்ட்டி, அது ராங் டைம் ஸோன்” என்று சொல்லப்போக, அந்த அம்மாளின் கூடையிலிருந்த முருங்கைக்காய் கீழே விழுந்தது. வியாபாரம் அங்கே பிறந்தது.

போன மாதம் அதே மருந்துக் கம்பெனி திரும்பக் கூப்பிட்டது. “வேண்டாம், எனக்குக் கடை இருக்கிறது” என்று பதில் எழுதிவிட்டாள். அதை ரயிலில் போனில் கேட்ட என் மகன் ஜெயபிரகாஷ் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் இறங்க மறந்து, ட்ரெண்டன் வரை போய்த் திரும்பினான்.

கடையில் எனக்கும் வேலை உண்டு. வாடிக்கையாளர் புகார்களுக்குப் பதில் எழுதுவது. கிட்டுசாமி என்ற பெயரை இந்தத் தேசத்துக்காகச் சுருக்கி, ‘கிட்டி, வாடிக்கையாளர் மகிழ்ச்சிப் பிரிவு’ என்று கையெழுத்துப் போடுவேன். பிரிவில் நான் ஒருவன்தான். மகிழ்ச்சி இருந்தால் லாபம்.

ஆரம்பத்தில் பணம் கட்டும் பக்கம் வீட்டு விலாசம் எல்லாம் கேட்டது. கோப்பு மின்னஞ்சலில் போகிறது, விலாசம் எதற்கு என்று எங்களுக்குத் தோன்றவில்லை. ஹூஸ்டனில் ஒரு இருதய டாக்டர் பணம் கட்டிவிட்டுத் தபால் பெட்டியருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். தபால்காரருக்கு இரக்கம் பிறந்து தினமும் ஏதாவது விளம்பரத்தாளைக் கொடுத்துவிட்டுப் போனாராம். ஆஸ்டினில் இன்னொருவர், அந்தப் பக்கம் கேட்டதையெல்லாம் நிரப்பி முடிப்பதற்குள் அவர் கேட்ட மாதமே முடிந்துவிட்டது. அவருக்கு அடுத்த மாதத்தை இனாமாகக் கொடுத்தேன். அதற்கும் விலாசம் கேட்டது.

அதையெல்லாம் பிடுங்கிப் போட்டவன் பத்ரி. ப்ரியாவோடு கல்லூரியில் படித்தவன். குபெர்டினோவில் பெரிய கம்பெனியில், பணம் கட்டும் பக்கங்களுக்குப் பொத்தான் வடிவமைப்பது அவனுக்குப் பிழைப்பு. ஒரு பொத்தானின் மூலை எவ்வளவு வளைய வேண்டும் என்ற ஆராய்ச்சியை அவன் தொடங்கியபோது அவன் மகள் பிறந்தாள். இப்போது மகள் ஓடுகிறாள். மூலை இன்னும் முடிவாகவில்லை.

விலை தொண்ணூற்றொன்பது சென்ட் என்று வைக்கச் சொன்னதும் பத்ரிதான். எங்கள் ஜனம் ஒத்துக்கொள்ளவில்லை. நல்ல காரியத்துக்குக் கொடுக்கிற காசு ஒன்றில் முடிய வேண்டாமா என்று அத்தனை பேரும் கேட்டார்கள். ஒரு டாலர் ஒரு சென்ட் ஆக்கினோம். இதில் கார்டுப் பணத்தை வாங்கித் தருகிற கம்பெனி, ஒவ்வொரு தடவைக்கும் முப்பது சென்டும் அதன்மேல் நூற்றுக்கு மூன்று போலவும் எடுத்துக்கொள்ளும். ராகுவுக்காவது எட்டில் ஒரு பங்கு, இவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு. வருஷத்துக்கு மொத்தமாகக் கட்ட வைத்தால் முப்பது சென்ட் ஒரே தடவையோடு போகும் என்று பத்ரி சொன்னான். அப்படியும் வைத்துப் பார்த்தோம். “அங்கிள், அடுத்த வருஷம் நாங்க எந்த நாட்டுல இருப்போம்னு எங்களுக்கே தெரியாது, விசா பெண்டிங்” என்று பதில் வந்தது. மாதக் கணக்கே நிலைத்தது.

ஒருவர் வாங்கி வாட்ஸாப்பில் ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்று ப்ரியா கவலைப்பட்டாள். பூட்டுப் போடும் மென்பொருளுக்கு மாதச் சந்தா கேட்டார்கள். நான் ஒவ்வொரு கோப்பின் அடியிலும் ஒரே ஒரு வரி சேர்த்தேன்: ‘இதை ஃபார்வர்ட் செய்பவரின் நல்ல நேரம் பெறுபவருக்குப் போய்விடும்.’ அன்றிலிருந்து ஒரே வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் தனித்தனியாக வாங்குகிறார்கள்.

எல்லாம் சரியாகியும் ஒரு தொல்லை தீரவில்லை. கூடையில் போடுவார்கள், கார்டு எண்ணைக்கூட அடிப்பார்கள், கடைசிப் பொத்தானில் வந்து நின்றுவிட்டு ஓடிவிடுவார்கள். ப்ரியா ஒரு வாரம் தூங்காமல் வரைபடம் போட்டுப் பார்த்தாள். ஓடியவர்கள் எல்லாரும் அவரவர் ஊர் ராகுகாலத்தில் ஓடியிருந்தார்கள். எங்களிடம் வாங்கிய கோப்பைப் பார்த்துத்தான் எங்களுக்குப் பணம் தராமல் நின்றிருக்கிறார்கள். ஆடி மாதம் பிறந்ததும் ஒட்டுமொத்தமாக நின்றேவிட்டது. ஆடியில் புதிதாக எதையும் தொடங்க மாட்டார்கள், சந்தாவானாலும் சரி.

அதற்கு அவள் கண்டுபிடித்ததுதான் புதுப் பொத்தான். ‘நல்ல நேரத்தில் எடுத்துக்கொள்ளவும்.’ கார்டு எண்ணை இப்போது கொடுத்துவிட்டுப் போகலாம். ஆவணி பிறந்து முதல் வெள்ளிக்கிழமை, அவரவர் ஊர் ராகுகாலத்துக்கு முன்னால், கம்ப்யூட்டரே பணத்தை எடுத்துக்கொள்ளும். பத்ரி பாராட்டினான். வாடிக்கையாளர்கள் கொண்டாடினார்கள். எடிசன் முகம்மது பாய் மட்டும், “நமக்கு இதுல வேல இல்ல, ஆனா என் ஆபீஸ்ல பாதிப் பேரு ராகுகாலத்துல மீட்டிங் வரமாட்டேங்கறான், அதுக்காக ஒண்ணு குடுங்க” என்று வாங்கினார். ஒரே ஒருவர் சந்தேகம் கேட்டு எழுதினார்: பணம் எடுக்கும் கம்ப்யூட்டர் வர்ஜீனியாவில் இருக்கிறதாமே, அப்படியானால் வர்ஜீனியா ராகுகாலத்தையும் பார்க்க வேண்டாமா? நியாயமான கேள்வி. கம்ப்யூட்டருக்கு ஜாதகம் இல்லை என்று பதில் எழுதினேன்.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. காலை ஒன்பதரைக்கு நியூஜெர்சிப் பட்டியல். ஆடி முழுக்கச் சேர்ந்த நாலாயிரத்துச் சொச்சம் பேர், எல்லாரும் ஒரு டாலர் ஒரு சென்ட், எல்லாரும் ஒரே நிமிடம். ப்ரியா லேப்டாப் முன்னால் நின்றபடியே கை தட்டினாள். காபி போடலாம் என்று நான் அடுப்பைப் பற்ற வைப்பதற்குள் தட்டுவதை நிறுத்திவிட்டாள்.

“மாமா. இங்க வாங்களேன்.”

கார்டுக் கம்பெனியிடமிருந்து கடிதம். உங்கள் கணக்கில் திருட்டுக் கார்டு நடமாட்டம் காணப்படுகிறது, பணம் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது, விசாரணை முடியும்வரை எதையும் எடுக்க முடியாது, இதே மாதிரி இன்னொரு தடவை நடந்தால் கணக்கு நிரந்தரமாக மூடப்படும்.

நான் படித்துவிட்டு, “யாரு கண்ணு திருடுனது?” என்றேன்.

“யாரும் திருடல மாமா. அவங்க கம்ப்யூட்டருக்கு நாமதான் திருடனுங்க.”

பத்ரியைக் கூப்பிட்டாள். அங்கே பொழுது சரியாக விடியவில்லை. ஸ்பீக்கரில் கொட்டாவியோடு வந்தான். “ப்ரியா, என்னடி பண்ணி வெச்சிருக்க? திருட்டுக் கார்டு நம்பர் வாங்கறவன் அது வேலை செய்யுதான்னு எப்படிப் பாப்பான் தெரியுமா? சின்ன அமவுண்ட். ஒரே அமவுண்ட். ஆயிரம் கார்டு, ஒரே நிமிஷம். அதத்தான் நீ பண்ணிருக்க.”

“நீதானடா சூப்பர் ஐடியான்னு சொன்ன!”

“பொத்தான் அழகா இருக்குன்னு சொன்னேன். எல்லாரையும் ஒரே நிமிஷத்துல அழுத்த வைன்னா சொன்னேன்?”

“மூடிட்டாங்கன்னா வேற கம்பெனில அக்கவுண்ட் ஓப்பன் பண்ணிக்கறேன்.”

“குடுக்க மாட்டாங்க. மூடினா உன் பேரு ஒரு லிஸ்ட்ல ஏறும். எல்லாக் கார்டுக் கம்பெனியும் அந்த லிஸ்ட்ட பாக்கும். அஞ்சு வருஷத்துக்கு உனக்கு ஒரு பேமெண்ட் பட்டன் கெடையாது. கடை அவ்ளோதான்.”

ப்ரியா நடக்க ஆரம்பித்தாள். சமையலறையிலிருந்து ஹால், ஹாலிலிருந்து பால்கனி, பால்கனியிலிருந்து சமையலறை. அவள் நடந்தால் என்னாலும் உட்கார முடியாது. எதிர்த்திசையில் நானும் நடந்தேன். ஹாலில் சந்தித்துக்கொள்ளும் போதெல்லாம் ஒரு வார்த்தை பேசிக்கொண்டோம்.

“டெக்ஸாஸ் பட்டியல் கிடக்குது.”

“தெரியும் மாமா. பதினொரு மணிக்கு வெடிக்கும்.”

ஒரு சுற்று.

“நிறுத்திப்போடு.”

“நிறுத்தினா? ஆவணி மொத வெள்ளின்னு ஒரு மாசமாக் காத்திருக்காங்க. மொத்தப் பேரும் இனி நம்ம பக்கம் வருவாங்களா?”

இன்னொரு சுற்று.

“தள்ளிப்போடு கண்ணு.”

நின்றாள். டெக்ஸாஸில் ராகுகாலம் தொடங்க எங்கள் கணக்குக்கு மத்தியானம் ஒரு மணி ஆகப் பத்து நிமிடம் இருக்கும். அதுவரை அவர்களுக்கு நல்ல நேரம்தான். பட்டியலை அந்த வாசல்வரை தள்ளி வைத்தாள். கலிபோர்னியா இன்னும் பின்னால். அதற்குள் கார்டுக் கம்பெனியில் ரத்தமும் சதையுமான ஒரு ஆளைப் பிடித்தாக வேண்டும்.

முதலில் ஒரு எந்திரம் அரட்டைப் பெட்டியில் வந்து, உங்கள் பிரச்சினை தீர்ந்ததா என்று கேட்டது. இன்னும் சொல்லவே இல்லை என்று எழுதினாள். மகிழ்ச்சி என்று சொல்லிப் போய்விட்டது. என் பிரிவைச் சேர்ந்த எந்திரமாக இருக்கும். கடைசியில் விசாரணை அதிகாரியோடு பேச நேரம் குறிக்கும் பக்கம் கிடைத்தது. இரண்டே இடம் காலி. இன்று பதினொன்றரை. இல்லாவிட்டால் அடுத்த புதன்.

பதினொன்றரை என்பது எங்கள் ஊரில் அசல் ராகுகாலம். தொடங்கிப் பத்து நிமிடம்தான் ஆகியிருக்கும், ராகு பசியோடு இருப்பார்.

ப்ரியாவின் விரல் பொத்தானுக்கு மேலே போய் நின்றது. நின்றது நின்றபடி இருந்தது.

“நீதான் நம்பமாட்டியே கண்ணு?”

“நம்பல.”

“அப்புறமென்ன, அழுத்து.”

“நம்பலன்னு சொன்னேன் மாமா. அழுத்தறேன்னு சொல்லல.”

அத்தனை பேர் கடைசிப் பொத்தானில் நின்று ஓடியதைப் படம் போட்டுப் பார்த்தவள், இப்போது அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். அந்தப் பக்கம் மட்டும், இந்த இடம் இன்னும் சிறிது நேரமே உங்களுக்காக வைக்கப்பட்டிருக்கும் என்று சிவப்பு எழுத்தில் மிரட்டிக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள்.

சொன்ன நேரத்துக்குப் போன் வந்தது. டோலோரஸ் என்று ஒரு அம்மாள். ஒமாஹாவிலிருந்து. குரலைக் கேட்டால் வாழ்நாளில் யாரும் அவரிடம் உண்மை சொன்னதில்லை போலத் தெரிந்தது. அவர் ஆங்கிலத்தில் கேட்டதை நான் தமிழில் சொல்கிறேன். உங்கள் வியாபாரம் என்ன என்று கேட்டார்.

காலண்டர் என்றாள் ப்ரியா.

நாலாயிரம் பேர் ஒரே நிமிடத்தில் காலண்டர் வாங்கக் காரணம் என்ன?

“கல்ச்சுரல் ஷெட்யூலிங் ப்ரிஃபரென்ஸ்” என்றாள் ப்ரியா. பத்ரி எழுதிக் கொடுத்த சொல்.

திருடர்களுக்கும் அந்த மாதிரி விருப்பம் உண்டு என்றார் டோலோரஸ். ஒரே நிமிடத்தில் எடுப்பதுதான் அவர்களுக்கும் பிடிக்கும். கீபோர்டு சத்தம் கேட்டது. ஒவ்வொரு தட்டலுக்கும் ப்ரியா கண் சிமிட்டினாள். இது தேறாது என்று தெரிந்துவிட்டது. போன் ஸ்பீக்கரில்தான் இருந்தது. நான் மேஜைப்பக்கம் குனிந்து, மேடம், இது ராகுவின் காரணமாக நடந்தது என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

கீபோர்டு நின்றது. யார் அந்த ராகு?

பாம்பு என்றேன். சூரியனையே விழுங்குகிறவர். தினமும் ஒரு குறிப்பிட்ட நேரம் அவருக்குச் சொந்தம். அந்த நேரத்தில் எங்கள் ஆட்கள் யாரும் பணம் கொடுக்க மாட்டார்கள்.

டோலோரஸ் மறுபடி கீபோர்டைத் தட்டினார். திரு. ராகு இந்த வியாபாரத்தில் பங்குதாரரா?

“மாமா!” என்றாள் ப்ரியா பல்லைக் கடித்துக்கொண்டு.

பங்கு இல்லை, உழைப்பு மட்டும்தான் என்றேன். அவருக்கு வேறு கணக்கு எங்காவது உண்டா என்று டோலோரஸ் கேட்டார். கேது என்று ஒருவர் இருக்கிறார், உடம்பெல்லாம் அவரிடம் என்று நான் தொடங்கும்போது ப்ரியா போனைக் கையில் எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டாள். நானும் போனேன். என்ன இருந்தாலும் நானும் மகிழ்ச்சிப் பிரிவின் தலைவன்.

பால்கனியில் நின்று அவள் பேசியது எனக்கு நன்றாகக் கேட்டது. ஒப்பித்த சொற்கள் எதுவும் இல்லை. நான் விற்பது சோதிடம் சம்பந்தப்பட்டதுதான். எனக்கு நம்பிக்கை இல்லை, வாங்குகிறவர்களுக்கு உண்டு. அவர்கள் என்ஜினியர்கள், டாக்டர்கள். ஜூலையிலேயே அவரவர் கையால் கார்டு எண்ணைக் கொடுத்தவர்கள். அவரவர் அம்மா ஏற்றுக்கொள்கிற நேரத்தில் பணத்தை எடுத்துக்கொள் என்று கேட்டார்கள், நான் எடுத்தேன். “திருட்டுக் கார்டா இருந்தா பாதிக்குப் பாதி ரிஜெக்ட் ஆகியிருக்கும். எங்கதுல எத்தன ரிஜெக்ட் ஆச்சுன்னு நீங்களே பாருங்க.”

கீபோர்டு சத்தம். அப்புறம் டோலோரஸ் சொன்னார்: மூன்று.

அதில் ஒன்று என்னுடையது. சோதனைக்காகப் போட்டது. எனக்குக் கார்டே கிடையாது, ஏதோ எண்ணை அடித்திருந்தேன். இதை அப்போது சொல்ல வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

டோலோரஸ் இளகினாற்போல் இருந்தது. ஆனால் அவர் ஆட்சேபம் வேறு இடத்தில் இருந்தது. உங்கள் பொத்தானைப் பார்த்தேன், எந்தத் தேதியில், எந்த மணிக்கு, எவ்வளவு எடுப்பீர்கள் என்று அதில் தெளிவாக இல்லையே என்றார். ஜூலையில் அழுத்தியவர் ஆகஸ்டில் மறந்துபோய் வங்கியில் புகார் கொடுத்தால்? ஒவ்வொரு புகாருக்கும் உங்களுக்குப் பதினைந்து டாலர் தண்டம், ஒரு டாலர் பொருளுக்கு. ஆகவே டெக்ஸாஸ்காரர்கள் ஒவ்வொருவருக்கும் இப்போதே மின்னஞ்சல் அனுப்புங்கள். தொகை, நாள், மணி. கீழே இரண்டு பொத்தான். நிச்சயமாக வேண்டுமா, ஆம், இல்லை. ஆம் சொன்னவர்களிடம் மட்டும் எடுங்கள். இதற்கு மட்டும் கணக்கைத் திறந்துவிடுகிறேன். நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

டோலோரஸைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு ப்ரியா என் போனில் பத்ரியைப் பிடித்தாள். அவன் அலறினான். “எக்ஸ்ட்ரா ஸ்டெப்பா? ஒரு க்ளிக் கூடினா பாதிப் பேர் ஓடிருவாங்க ப்ரியா! பணம் கட்ட ரெடியா இருக்கறவன நிறுத்தி, நெஜமாவான்னு யாராவது கேப்பாங்களா?”

அவன் கவலை அவனுக்கு. எனக்கு அதைவிடப் பெரிய கவலை. “கண்ணு, நல்ல காரியத்துக்கு வாசப்படி தாண்டறவனப் பாத்து எங்க போறீங்கன்னு கேக்கற மாதிரி ஆயிருமே. மொத வெள்ளிக்கெழம, நல்ல நேரத்துல, நிச்சயமா வேணுமான்னு கேட்டா அவனவன் சகுனத் தடைன்னு லேப்டாப்ப மூடிப்போட்டுத் தண்ணி குடிக்கப் போயிருவான்.”

“அங்கிள் சொல்றதுதான் யூசர் ரிசர்ச், வாங்கறவன் மனசு அவருக்குத் தெரியுது” என்றான் பத்ரி.

ப்ரியா எங்களை மதிக்கவில்லை. மறுபடியும் நடந்தாள். இந்தத் தடவை பால்கனி வரை போகாமல் ஹாலிலேயே திரும்பினாள், திரும்பினாள், திரும்பினாள். கீழே பார்க்கிங்கில் யாரோ காரைப் பின்னுக்கு எடுக்கிற பீப் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொல்லிக் கத்தலாமா என்று எனக்குத் தோன்றியது. டெக்ஸாஸ் ராகுகாலம் நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் ராகுகாலம் மேஜைக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தது.

சட்டென்று நாற்காலியை இழுத்துப் போட்டு எழுத ஆரம்பித்தாள். கேள்விக்குறியே இல்லை. ‘வணக்கம். ஆவணி முதல் வெள்ளி. ஒரு டாலர் ஒரு சென்ட். இன்று, உங்கள் ஊர் ராகுகாலத்துக்கு முன்.’ மணியும் தேதியும் கொட்டை எழுத்தில், ஆங்கிலத்திலும். அதன் கீழே பச்சைப் பொத்தான்: ‘எடுத்துக்கோங்க.’

“ஆமாவுக்கு அது சரி. இல்லங்கறதுக்கு என்ன போடுவ?” என்றேன். “வெள்ளிக்கெழம காலைல இல்லன்னு எழுதிப்போடாதே.”

“தெரியும் மாமா.” இரண்டாவது பொத்தானில் தட்டினாள்: ‘அப்புறம் வரேன்.’

ஜவுளிக்கடையில் ஐம்பது புடவையைப் பிரித்துப் போட வைத்துவிட்டு ஒன்றும் வாங்காமல் எழுந்துபோகிற ஒவ்வொருவரும் சொல்வது அதுதான்.

டோலோரஸுக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள். பச்சைப் பொத்தான் சரி என்றார் அவர். இரண்டாவது அவருக்குப் பிடிபடவில்லை. பின்னால் வருகிறேன் என்றால், வருவார்களா?

“மாட்டாங்க.”

அப்படியானால் இல்லை என்றே போடலாமே?

“மேடம், இதுதான் எங்க ‘இல்லை’. எங்ககிட்ட வேற ‘இல்லை’ கெடையாது.”

கீபோர்டு சத்தம். அனுப்புங்கள் என்றார்.

அனுப்பினாள். ஒன்றும் நடக்கவில்லை. ஓரத்தில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. டெக்ஸாஸ் முழுவதும் ஒரே நேரத்தில் குளிக்கப் போய்விட்டதா? பத்ரி போனில் நகம் கடிக்கிற சத்தம் கேட்டது. இரண்டாயிரத்து ஐந்நூறு மைல் தாண்டிக் கேட்டது என்றால் எத்தனை பலமாகக் கடித்திருப்பான் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் பச்சை ஹூஸ்டனிலிருந்து வந்தது. தபால் பெட்டி டாக்டர். அதற்கப்புறம் இர்விங், ப்ளேனோ, ஃப்ரிஸ்கோ, சுகர் லேண்ட் என்று கொட்டியது. ஒரே நிமிடத்தில் அல்ல. ஒருவர் மீட்டிங்கில் இருந்தபடி, ஒருவர் சிக்னலில், ஒருவர் டேகேர் வாசலில், அவரவர் தோதுக்கு அழுத்தினார்கள். எந்தக் கம்ப்யூட்டரும் இதைத் திருட்டென்று சொல்ல முடியாது. அத்தனை தாறுமாறாக வந்தது. சிலர் ‘அப்புறம் வரேன்’ அழுத்தினார்கள். ஒருவர் அதை அழுத்திவிட்டு நிஜமாகவே சற்று நேரத்தில் திரும்பி வந்தார். நான் பார்த்த முதல் ஆள் அவர்தான். டெக்ஸாஸ் ராகுகாலம் பிறக்கும்போது வாசலில் யாரும் மிச்சமில்லை. ஓடிப்போனவர்கள் பத்ரி சொன்ன பாதியில் பாதிகூட இல்லை.

டோலோரஸ் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, முடிவு மின்னஞ்சலில் வரும் என்று சொல்லிப் போனை வைத்தார். நல்லதா கெட்டதா என்று குரலில் பிடிபடவில்லை.

ப்ரியா நடக்கவில்லை. உட்கார்ந்து லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நடக்காததால் எனக்கு நடப்பதா இருப்பதா என்று தெரியாமல் நடு ஹாலில் நின்றேன். ஜெயபிரகாஷ் ஆபீசிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டான். எடுக்கவில்லை. மூன்றாம் தடவை நான் எடுத்து, “ராகுகாலம்டா, அப்புறம் பேசு” என்று வைத்தேன்.

மின்னஞ்சல் வந்த மணி அடித்தது. கடிகாரத்தை அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சடாரென்று திறந்தாள். உதடு அசையப் படித்தாள். அப்படியே மேஜைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

“என்ன கண்ணு? மூடிட்டாங்களா?”

தலையைத் தூக்காமலே பேசினாள். “திறந்துட்டாங்க மாமா. நியூஜெர்சிப் பணத்தையும் விட்டுட்டாங்க. கலிபோர்னியாவுக்கும் இதே மாதிரி மெயில் அனுப்பிட்டு எடுத்துக்கலாமாம்.”

“அப்ப ஏன் இப்படி விழுந்து கெடக்கற?”

“சோசியக் கடைன்னு உண்மையச் சொன்னேன்ல. அதுக்குத் தனி வகுப்பாம், ரிஸ்க் ஜாஸ்தியாம். இனி ஒவ்வொண்ணுக்கும் முப்பது இல்ல, நாப்பத்தஞ்சு சென்ட்.” நிமிர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். “வெல ஏத்தணும். ஒண்ணுல முடியணும். ஒண்ணு அம்பத்தொண்ணு?”

“மொய்க் கணக்கு. ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான்.”

அப்போதுதான் அவள் கண் கடிகாரத்துக்குப் போனது. ஒரு மணி ஆக இன்னும் ஐந்து நிமிடம். எங்கள் ஊர் ராகுகாலம் முடியவில்லை. வால் மிச்சமிருந்தது.

“மாமா,” என்றாள் மெதுவாக. “இது வந்த நேரம் வெளிய தெரியக் கூடாது. ராகுகாலத்துல போன் பேசி, ராகுகாலத்துல மெயிலத் திறந்து, கடை பொழச்சுதுன்னு தெரிஞ்சா ஒருத்தர் வாங்க மாட்டாங்க.”

“நான் யார்கிட்டச் சொல்லப்போறேன்?”

கலிபோர்னியா மின்னஞ்சலை அவள் எழுதிக்கொண்டிருக்கும்போதே கடைப் போன் அடித்தது. ஃப்ரீமாண்ட்டிலிருந்து அனந்தலக்ஷ்மி அம்மாள். எங்கள் கடையின் மிகப் பழைய வாடிக்கையாளர். நாலு ஜிப் கோடுக்குச் சந்தா கட்டுகிறவர், மூன்றில் மருமகள்கள் இருக்கிறார்கள்.

“கிட்டி சார், வாட்ஸாப்புல என்னென்னமோ வர்றது. உங்க கடைய மூடிட்டாளாமே?”

“மூடல மாமி. கொஞ்ச நேரம் சாத்தி வெச்சிருந்தோம். தொறந்தாச்சு.”

“எப்போ திறந்தேள்?” குரல் கூர்மையானது. “நேரம் பாத்துத்தானே திறந்தேள்? ராகுகாலத்துல இல்லையே?”

ப்ரியா தட்டச்சை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

ஃப்ரீமாண்ட்டில் அப்போது காலை பத்து மணிகூட ஆகவில்லை. அவர்கள் ஊர் ராகுகாலத்துக்கு இன்னும் வெகு நேரம் இருந்தது.

“உங்க ஊர் நேரத்துக்குப் பாத்தா அருமையான நேரம் மாமி” என்றேன். “ஒரு மெயில் வரும். பச்சையா இருக்கறத அழுத்துங்க.”